முன்பின் தெரியாதவர்கள்

ஹாங்காங் நகரத்தில், விமானங்கள் இறங்கும் தீவுக்குப் பக்கத்தில், துங் சுங் என்ற இடத்தில், முப்பத்தெட்டாவது மாடியில், கட்டில் போட்டால் நாற்காலி போட இடமில்லாத, நாற்காலி போட்டால் ஆள் நிற்க இடமில்லாத ஒரு வீட்டில், பூபதி, கோகிலவாணி என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் குடியிருந்தார்கள். தாராபுரத்துக்காரர்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், அந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம், ஆஸ்பத்திரிகளுக்கு நடந்தது நாலு வருஷம், நடந்தது போதும் என்று இரண்டு பேரும் பேசாமலே முடிவெடுத்து மூன்று வருஷம்.

பூபதிக்கு, குழந்தைகள் உடுப்பை வாங்கி உலகமெல்லாம் அனுப்பும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. கழுத்தில் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை, மார்பு எத்தனை, தோள் எத்தனை, கை நீளம் எத்தனை என்று அளந்துகொண்டே இருப்பான். உலகத்தில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அதன் வயதை அங்குலத்தில் சொல்லிவிடுவான். கோகிலா வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். ஆக, ஐந்து நாள் முழுக்க ஒருத்தன் ஆளில்லாத குழந்தை உடுப்போடும், இன்னொருத்தி உடம்பில்லாத குழந்தைக் குரல்களோடும் காலம் தள்ளினார்கள். இது யார் போட்ட கணக்கோ, அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம், ஆனால் ஆள் அகப்படமாட்டார்.

சனிக்கிழமை துணி துவைக்க, காய்கறி வாங்க. ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற. அந்த நகரத்தில் வந்து குடியேறிய எல்லாருக்கும் இது எழுதாத சட்டம். காலை ஒன்பதரைக்கு டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதத்தை அடைத்துக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமான படகில் ஏறித் துறைமுகத்தைக் கடப்பார்கள், இரண்டு தட்டு ட்ராமில் மேல் தட்டில் முன்சீட்டுக்கு ஓடுவார்கள், மலை உச்சிக்குப் போய் மேகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இறங்கி வருவார்கள். எங்கே போனாலும் ஒரே ஒரு போட்டோ. தானாக எடுத்துக்கொள்ளும் குச்சியெல்லாம் பூபதிக்குப் பிடிக்காது, மூஞ்சி பூசணிக்காய் மாதிரி விழுகிறது என்பான். அதனால் போகிற வருகிற யாரையாவது கேட்டு எடுக்கச் சொல்லுவார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது கோகிலாவின் பொறுப்பு. கையில் பாரம் இருக்கக்கூடாது, நடையில் அவசரம் இருக்கக்கூடாது, முகத்தில் ஒரு நிமிஷமாவது மிச்சம் இருக்கவேண்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலோரத்து மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், வெயில் தொப்பி போட்ட ஒரு பெரியவரிடம் போனைக் கொடுத்தார்கள். அவர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பாப்பாவை இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். பின்னால் நிற்கும் வேறு யாரையோ சொல்கிறார் என்று இருவரும் சிரித்தபடி நின்றார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரயிலில் திரும்பும்போது கோகிலா படத்தைத் திறந்தாள். படத்தில் பூபதி இருந்தான், அவள் இருந்தாள், நடுவில் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை, முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது.

கோகிலா போனைப் பூபதியிடம் நீட்டினாள். அவன் படத்தைப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான், பையிலிருந்த டேப்பை எடுத்துத் திரைமேல் வைத்தான், பிறகு வைத்தது அபத்தம் என்று தெரிந்து எடுத்துக்கொண்டான்.

"மார்பு இருபத்தொண்ணு. மூணு வயசு சைசு" என்றான். தோள் பக்கம் நகர்த்திப் பார்த்துவிட்டு, "கவுனு தோளுகிட்டச் சரியில்ல. யாரு தெச்சதோ" என்றான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும் வந்தாள். படகில், ட்ராமில், பெரிய புத்தர் சிலைக்கு ஏறும் படிக்கட்டில், எங்கே யார் எடுத்தாலும் வந்தாள், எடுப்பவர் முன்பின் தெரியாதவராக இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. குச்சி வாங்கி எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. போனைக் கல்மேல் சாய்த்துவைத்து எடுத்தார்கள், வரவில்லை. பக்கத்து வீட்டு ஹமீதா லாத்தாவை, லாத்தா என்றால் அக்கா, வேலை மெனக்கெட்டுக் கூட்டிப்போய் எடுக்கச் சொன்னார்கள், வரவில்லை. தெரிந்தவர்கள் கண்ணுக்கு அகப்படாத பிள்ளை, யாரென்றே தெரியாதவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாள். பெற்றவர்கள் என்று சொல்லலாமா கூடாதா, அவர்கள் கண்ணுக்குப் படத்தில் மட்டும்.

அந்தக் கட்டடத்தில் பதினோரு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரவர் போன இடத்துப் படத்தைப் போனில் எல்லாரும் சேர்ந்து வைத்திருந்த குழுவில் போடுவது வழக்கம். கோகிலா முதலில் தயங்கினாள். பிறகு போட்டாள். ஒன்பதாவது நிமிஷம், மூன்று தலைமுறையாக அந்த ஊரில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் காயல்பட்டினத்துக் குடும்பத்து ஹமீதா லாத்தா கதவைத் தட்டினாள்.

"மாஷா அல்லாஹ், புள்ளெ எவ்வளவு அழகா ஈக்குது! இப்படியா பொட்டு வைக்காமக் கொள்ளாமக் கூட்டிக்கிட்டுத் திரியிறது? கண்ணேறு பட்டுராதா?" என்று சத்தம் போட்டுவிட்டு, கோகிலாவின் போனை வாங்கி, படத்தில் குழந்தையின் கன்னத்தில் மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனாள். திரையில் பட்ட மையைக் கோகிலா துடைக்கவே இல்லை.

அவ்வளவுதான், மற்றவர்களுக்கும் வழி கிடைத்துவிட்டது. யாரும் எப்படி என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்பது அநாகரிகம் என்று எல்லாரும் ஒருமனதாக நினைத்தார்கள். யார் ஜாடை என்றுதான் கேட்டார்கள். நெற்றி பூபதி என்றும் மூக்கு கோகிலா என்றும் ஒரு கட்சி, மூக்கும் பூபதிதான் பாவம் என்று இன்னொரு கட்சி. பிள்ளைக்குச் சளி பிடித்த மாதிரி தெரிகிறது, கடல் காற்றில் நிறுத்தாதீர்கள் என்று ஒருவர் எழுதினார். போன வாரத்துக்கு இந்த வாரம் இளைத்துவிட்டாள் என்று ஒருவர் குறைப்பட்டார். ஞாயிறு மாலை தமிழ் வகுப்பு நடத்தும் கப்பல் இன்ஜினியர் ஜெபராஜ், நாகர்கோவில்காரர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர், வருகைப் பதிவேட்டில் 'பூபதி மகள்' என்று ஒரு பெயரைச் சேர்த்து, வாராவாரம் அதற்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினார். ஆறாவது வாரம் லிஃப்டில் பூபதியைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை தொடர்ந்து ஆறு வாரம் ஆப்சென்ட் கேட்டியளா. ஊரு சுத்த நேரம் இருக்கு, தமிழு படிக்க நேரமில்லியோ?"

பூபதி தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த வாரம் பாக்கறேனுங்க சார்" என்றான். திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அவனை ஒரு தகப்பனாக வைத்து யாரும் அதுவரை திட்டியதில்லை. அந்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு சாம்பிள் கவுன் கொண்டுவந்தான், நீலத்தில் வெள்ளைப் புள்ளி, மூன்று வயது சைஸ், தோள் தையலை அவனே பிரித்துத் தைத்திருந்தான். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். பையைத் திறக்கவே இல்லை. படத்தில் அவள் நீலக் கவுன் போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கவுன் மடித்தபடியே இருந்தது, கழுத்தோரத்தில் மட்டும் எலுமிச்சம்பழச் சாதத்தின் மஞ்சள் கறை.

ஆனால் கோகிலாவுக்குப் படம் போதவில்லை. படம் பேசுமா? அவளுக்குக் குரல் வேண்டியிருந்தது. போட்டோ எடுத்துத் தருகிறவர்களிடம் மெல்லக் கேட்க ஆரம்பித்தாள். என் மகள் ஏதாவது சொன்னாளா? என்ன சொன்னாள்? அவர்கள் இவளுக்குக் காது கேளாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இரக்கப்பட்டு, சத்தமாகச் சொன்னார்கள். தாகமாக இருக்கிறதாம் என்றார் ஒருவர். படகு எப்போது ஆடும் என்று கேட்கிறாள் என்றார் ஒருவர். செருப்பு கடிக்கிறதாம் என்றாள் ஒரு பள்ளிக்கூடப் பெண். இப்படி வாரத்துக்கு ஒரு வாக்கியமாக, பிச்சைப் பாத்திரத்தில் விழும் சோறு மாதிரி, ஊரார் வாயிலிருந்து தன் பிள்ளையைக் கோகிலா சேகரித்தாள். திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். செருப்பு கடிக்குதும்மா. செருப்பு கடிக்குதும்மா. அம்மா என்ற சொல் அவளே சேர்த்துக்கொண்டது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அந்த நகரத்தில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. பெரிய பெரிய பேங்குகளின் அடியில், மேம்பாலங்களின் கீழே, அட்டைப்பெட்டிகளை விரித்துத் தரையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, நகம் வெட்டி, ஊருக்குப் பேசி, பொழுதைப் போக்குவார்கள். அப்படி உட்கார்ந்திருந்த மேரிசெல் என்ற பெண்ணிடம் ஒரு முறை போனைக் கொடுத்தாள் கோகிலா. மேரிசெல் குனிந்து, காற்றோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு நிமிர்ந்தாள்.

"உன் பெண்ணுக்கு எவ்வளவு அழகான பெயர்! இளவேனிலாமே" என்றாள்.

பூபதி கையிலிருந்த சாத டப்பாவைக் கீழே வைத்துவிட்டான். கல்யாணமான இரண்டாம் மாதம், உடுமலைப்பேட்டை போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பெண் பிறந்தால் இன்ன பெயர் என்று இரண்டு பேரும் காதோடு காது பேசி வைத்த பெயர் அது. வேறு யாருக்கும் சொன்னதில்லை. பிறகு வருஷங்கள் போகப் போக, தங்களுக்குள்ளும் சொல்லிக்கொண்டதில்லை.

அன்றைக்குக் கோகிலா செய்த தப்பு, நல்ல மனசுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மேரிசெல்லை விடவில்லை. அவளுக்கும் சாதம் கொடுத்தாள், அட்டையில் பக்கத்தில் உட்கார்ந்தாள், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். மேரிசெல்லும் தன் இரண்டு பையன்கள் படத்தைக் காட்டி அழுதாள். அடுத்த ஞாயிறும் கோகிலா அதே அட்டைக்குப் போனாள், அன்று மேரிசெல் அரைமணி நேரம் குழந்தை சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். கோகிலா அதற்கு முந்தியும் பிந்தியும் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை. மூன்றாவது ஞாயிறு கை நிறைய முறுக்கோடு போனபோது, மேரிசெல் அவளைக் கட்டிப்பிடித்து, அவள் பின்னால் எட்டிப் பார்த்து, "வேனில் எங்கே? இன்றைக்கு ஏன் அழைத்து வரவில்லை?" என்று கேட்டாள்.

கோகிலா அட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பழகினால் பிள்ளை மறைந்துவிடுவாள். அதற்குப் பிறகு அவர்கள் ஒரே இடத்துக்கு இரண்டு முறை போகவில்லை, யார் பெயரையும் கேட்கவில்லை, கடைக்காரர் முகம் மலர்ந்து தலையாட்ட ஆரம்பித்தால் கடையை மாற்றிக்கொண்டார்கள். எழுபது லட்சம் பேர் இருக்கிற ஊர். ஞாயிற்றுக்கு ஒரு ஆள் என்றாலும் ஆயுளுக்குப் போதும் என்று கோகிலா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பூபதியின் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போவதாக அறிவித்தது. வேலை இல்லையென்றால் விசா இல்லை. ஊருக்குத்தான் திரும்பவேண்டும். ஊரிலோ, பூபதியின் அக்கா ருக்மணி, தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், கோகிலாவுக்கு நங்கையா, படங்கள் வர ஆரம்பித்த நாளிலிருந்து போனில் ஒரே பிடியாக இருந்தாள்.

"மூணு வயசாயிப் போச்சு, இன்னும் காது மூளியா நிக்குது பொட்டப்புள்ள. பாக்கறவீங்க என்ன பேசுவாங்க? வைகாசியில நாள் பாத்தாச்சு. குலதெய்வங் கோயில்ல, தாய்மாமன் மடியில வெச்சு, காது குத்தியே ஆகோணும். பத்திரிகை அடிச்சாச்சு. உன்ற தம்பிகிட்டயும் சொல்லியாச்சு, அவன் தோடு வாங்கிட்டான்."

"நங்கையா, அங்க வந்தா புள்ள யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாளுங்க."

"நம்ம புள்ள, நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சா என்ன தெரியாட்டி என்ன? செய்யற சீரைச் செய்யோணுமா வேண்டாமா?"

மூட்டை கட்டினார்கள். ஜெபராஜ் பதிவேட்டில் கடைசியாக ஒரு 'வரவில்லை' எழுதி, பக்கத்தில் 'மாற்றலாகிப் போகிறாள்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹமீதா லாத்தா கண்மைச் சிமிழையே கொடுத்துவிட்டாள். விமான நிலையத்தில் வெளியே போகிறவர்களைச் சரிபார்க்க ஆளில்லை, இயந்திரக் கதவுகள்தான், அடையாள அட்டையை வைத்தால் திறக்கும், ஒரு நேரத்துக்கு ஒருவர் மட்டும். கோகிலா கதவுக்கு முன்னால் நின்று, குனிந்து, வெறும் காற்றை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே ஆளாக உள்ளே போனாள். பின்னால் நின்றவர்கள் எவரும் சிரிக்கவில்லை. விமானத்தில் பணிப்பெண் வந்து, கோகிலாவின் மடியைப் பார்த்துக் கையசைத்து, கலர் பென்சில் டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். பிள்ளையைப் பற்றி அப்போதைக்குக் கடைசியாக வந்த சேதி அதுதான்.

கோயமுத்தூரில் இறங்கியதும் கோகிலா இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டால்? ஆனால் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலையைத் தூக்காமலே பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"தாராபுரமுங்களா? தாராபுரத்துல எங்க?"

"பூளவாடி ரோடுங்க" என்றாள் கோகிலா.

"அங்க ரைஸ்மில்லுக்காரர் பொன்னுசாமி...?"

"எங்க மாமனாருக்குப் பங்காளி முறைங்க."

"அட, எங்க சித்தியைக் கட்டுனவர் அவருதானுங்க!" என்று அதிகாரி மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தபோது, அவர் கண்ணுக்கு இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். இரண்டு முத்திரை குத்தினார்.

கோகிலாவுக்கு அப்போதுதான் தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று விளங்கியது. அந்தச் சீமையில் முன்பின் தெரியாதவர் என்று ஒரு ஜாதியே கிடையாது. எந்த ஊரு, யாரு வூடு, இன்னார் உங்களுக்கு என்ன வேணும் என்று மூன்று கேள்வி, மூன்றாவது கேள்விக்குள் எப்படியாவது ஒரு நூலைப் பிடித்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். பஸ்ஸில் கேட்டார்கள், பால் வாங்குகிற இடத்தில் கேட்டார்கள், கேட்டபின் பூபதியின் போனை வாங்கிச் சந்தோஷமாகப் படமும் எடுத்துக் கொடுத்தார்கள், படத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மூன்று வாரம். ஒரு வாக்கியம்கூட வரவில்லை. பிள்ளை சாப்பிட்டாளா, ஊர் வெயில் ஒத்துக்கொண்டதா, கூடத்தான் இருக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்து, வேனில் எங்கே, வேனில் எங்கே என்று கேட்டு, இதோ இங்கேதான் என்று ருக்மணி கைகாட்டிய இடத்தைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். கோகிலா யாரும் பார்க்காதபோது அந்த இடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சுண்டுவிரலை யாராவது பிடித்த மாதிரி இருக்கும். இல்லாத மாதிரியும் இருக்கும்.

காது குத்துக்கு இரண்டு நாள் முன்னால், வழக்கமாக வருகிற ஆசாரிக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டதென்றும், அவர் வேறொரு ஆளை அனுப்புகிறார் என்றும், அந்த ஆள் சேலத்துப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர் என்றும் சேதி வந்தது. எல்லாரும் புது ஆளா என்று முகம் சுளித்தார்கள். கோகிலா மட்டும் சமையலறைக்குள் ஓடிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு வந்து ருக்மணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நங்கையா, உங்களைக் கும்புட்டுக் கேக்கறனுங்க. ரெண்டு காதும் குத்தி முடியற வரைக்கும் அந்த ஆளுகிட்ட எந்த ஊரு, யாரு வூடுன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதுங்க. யாரையும் கேக்க உடக்கூடாதுங்க."

"ஏம் புள்ள, வந்தவனை வாங்கன்னுகூடக் கேக்கக்கூடாதா?"

"வாங்கன்னு கேளுங்க. அதோட நிறுத்திக்கோணுமுங்க."

ருக்மணிக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அம்மன்மேல் ஆணையாக ஒப்புக்கொண்டாள்.

நாள் வந்தது. கோயில் முன்னால் பந்தல், முந்நூறு பேர், பந்தி ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். கோகிலாவின் தம்பி கதிரேசன் பட்டு வேட்டி கட்டி, பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறும் மடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். அவன் முதுகு வளைந்த விதத்தில் மடியில் உண்மையாகவே ஒரு கனம் இருந்தது. முந்நூறு பேரும் அந்த மடியையே பார்த்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆசாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தார், மடியைப் பார்த்தார்.

"அடடா, பாப்பா என்னைப் பாத்துப் பயந்துக்குதாட்டம் இருக்குது. தலையைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றார்.

பந்தல் முழுக்க ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. பூபதி தூணைப் பிடித்துக்கொண்டான். ஆசாரி வலது காதைத் தேடிப் பிடித்து, சந்தனம் தொட்டு வைத்து, கம்பியைச் செலுத்தினார். கம்பி நுனியில் சொட்டுப்போல ரத்தம் தெரிந்தது. தோட்டை மாட்டித் திருகினார், அவர் விரலை எடுத்தபோது தோடு அங்கே இல்லை.

"அழுவாதே கண்ணு, அவ்வளவுதான், அவ்வளவுதான். யப்பா, என்ன கத்துக் கத்துது!"

கோகிலா பக்கத்தில் மண்டியிட்டாள். "என்னன்னு அழுகறாளுங்க?"

ஆசாரி விசித்திரமாக அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்துகொண்டே கேட்கிறாளே என்று நினைத்திருப்பார். "வேற என்னங்க? அம்மா அம்மான்னுதான். உங்களைப் பாத்துத்தான் கையை நீட்டுது, தூக்கிக்கங்க."

ஒன்பது வருஷம். கோகிலா வாய்விட்டு அழுதாள். ஒளித்து அழவில்லை, முந்நூறு பேர் முன்னால் அழுதாள், கை நீட்டியிருந்த திசையில் தன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுதாள். பந்தலில் இருந்த பெண்களெல்லாம் அழுதார்கள். ருக்மணியும் அழுதாள். அழுகையில், சந்தோஷத்தில், இவ்வளவு பெரிய காரியத்தைத் தன் வீட்டுக்குச் செய்த புண்ணியவானை வெறுமனே எப்படி விடுவது என்ற நன்றியில், ஆணையெல்லாம் எங்கேயோ பறக்க, ஆசாரியின் தோளைத் தொட்டாள்.

"நீ நல்லா இருக்கோணும் சாமி! எந்த ஊரப்பா நீயி? யாரு வூட்டுப் பையன்?"

"நங்கையா!" என்று கோகிலா கத்தினாள்.

"சேலத்துல இருந்தமுங்க. பூர்வீகம் மூலனூருங்க. குப்பண்ண ஆசாரி பேரனுங்க."

"அட என்ற சாமி! குப்பண்ண ஆசாரி பேரனா! எனக்குத் தாலி அடிச்சதே உங்க தாத்தனப்பா!"

ஆசாரி முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார். இரண்டு நிமிஷம் தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள். பிறகு இடது காதுக்கென்று கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்தவர், கதிரேசனின் மடியைப் பார்த்தார், கதிரேசனைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

"பாப்பா எங்கீங்க?" என்றார்.

அன்றைக்குப் பந்தி நடந்தது, சீர் நடந்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. ருக்மணி மட்டும் சாப்பிடவில்லை. சாயங்காலம் கோகிலாவிடம் வந்து இரண்டாவது தோட்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். "என்ற நாக்கை அறுத்துப் போடோணும்" என்றாள். கோகிலா அவள் வாயைப் பொத்தினாள். கோபப்பட்டு என்ன செய்வது? பாசம் வைத்துப் பேசாமலிருக்க ருக்மணிக்குத் தெரியாது, அந்த ஊருக்கே தெரியாது. அங்கே பிள்ளையை நூறு பேர் கொஞ்சுவார்கள், பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ருக்மணியின் புருஷன் தாராபுரத்திலேயே தொடங்கித் தருவதாகச் சொன்ன தொழிலைப் பூபதி வேண்டாமென்றான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் அதே டேப், அதே குழந்தை உடுப்பு வேலை. ஆடி மாதம் போய் ஒரு மாடி வீட்டில் குடியேறினார்கள். சனிக்கிழமை துணி துவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழச் சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு, நீலக் கவுனைப் பையில் வைத்துக்கொண்டு, லால்பாக்கில் போய் இறங்கினார்கள். ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள், ஒருவரையும் தெரியவில்லை. கோகிலாவுக்கு மூச்சு சீரானது. ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. இரண்டரை மாதம். வழியில் எங்கேயாவது விட்டுவிட்டோமோ, கை நீட்டியபோது தூக்காததற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ, யார் கண்டது. ஒரு ஆளைப் பார்ப்பாள், விட்டுவிடுவாள். இன்னொரு ஆளைப் பார்ப்பாள், விட்டுவிடுவாள்.

"கேளு புள்ள" என்றான் பூபதி.

கையில் பாரமில்லாத, நடையில் அவசரமில்லாத ஒரு காலேஜ் பெண் வந்தாள். கோகிலா போனை நீட்டினாள். தமிழ்ப் பேச்சைக் கேட்டு அந்தப் பெண்ணும் தமிழிலேயே, "தள்ளி நில்லுங்க ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்" என்றாள். போனைத் தூக்கினாள். பிறகு இறக்கினாள்.

"ஆன்ட்டி, பாப்பாக்கு ஒரு காதுலதான் கம்மல் இருக்கு. இன்னொண்ணு எங்கயோ விழுந்துடுச்சு போல."

பூபதி வானத்தைப் பார்த்தான். கோகிலா இடுப்பிலிருந்த பர்ஸை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"விழுகலீங்க கண்ணு. எங்கிட்ட பத்திரமா இருக்குது."

"ஓ, சரி சரி. பாப்பா, சிரி பாக்கலாம்!" அந்தப் பெண் படம் எடுத்தாள், எடுத்ததைப் பார்த்துத் தானும் சிரித்தாள், போனைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், "உங்க பேச்சு நல்லாருக்கு ஆன்ட்டி. எந்த ஊரு நீங்க?" என்றாள்.

கோகிலா போனை வாங்கிக்கொள்ளவில்லை. காது கேட்காதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் கீழே நீட்டிக்கொண்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"இன்னும் ஒண்ணு எடு கண்ணு" என்றாள்.